சைக்கோசிஸ்: முதல் மூன்று மாதமும், மருந்தோடு சேரும் பேச்சு சிகிச்சையும்

காலேஜில் படிக்கிற பையன் ஒரு மாதமாக ராத்திரி தூங்குவதில்லை. செல்போனைத் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கிறான். ஏன் என்று கேட்டால், "மெதுவா பேசும்மா, ஒட்டுக் கேக்காங்க" என்கிறான். திருநெல்வேலிப் பக்கம் இதற்கு வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் வரிசையாக வரும்: பரீட்சை பயம், கூட்டாளி சரியில்லை, காத்து கருப்பு, யாரோ செய்வினை வச்சிட்டாங்க. தெருவில் "அந்தப் பையனுக்குக் கோட்டி பிடிச்சிட்டு" என்று பேச்சு கிளம்பிய பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும். அந்த மாதங்களை எப்படிக் குறைப்பது, சிகிச்சை தொடங்கிய பின் மாத்திரைக்கு மேல் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சைக்கோசிஸ் தனி நோய் ஒன்றின் பெயர் அல்ல. எது வெளியே நடக்கிறது, எது தன் மனதுக்குள் நடக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் திறன் குலைந்துபோகும் நிலை அது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்பது, எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் அசையாத சந்தேகம், கோர்வையில்லாத பேச்சு ஆகியவை வெளியே தெரிகிறவை. அவ்வளவாகத் தெரியாத பக்கமும் உண்டு: குளிப்பதில்லை, பேசுவதில்லை, முகத்தில் சிரிப்போ வருத்தமோ இல்லை, எதிலும் பிடிப்பில்லை. வீட்டில் இதைத்தான் சோம்பேறித்தனம் என்று திட்டுவார்கள். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயில் இந்த நிலை வரும்; அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயிலும் கடுமையான மனச்சோர்விலும் வரும்; கஞ்சாவாலும் மதுவாலும் வரும். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பிரசவமாகி இரண்டு வாரத்துக்குள் திடீரென்று வருவதும் உண்டு. அதை 'பச்சை உடம்பு, தானாகச் சரியாகிவிடும்' என்று விடக்கூடாது. தாயின் உயிருக்கும் குழந்தையின் உயிருக்கும் ஆபத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி முதல் தடவை வருவது பெரும்பாலும் 14 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில். நூறு பேரில் ஏறத்தாழ மூன்று பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இதைச் சந்திக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒரு கேள்வி கட்டாயம் எழும். கோயில் கொடைத் திருவிழாவில் சாமி ஆடுகிறவருக்கும் சாமி பேசுவது கேட்கிறதே, அவருக்கும் நோயா? இல்லை. சுடலைமாடன் கோயிலில் மேளமும் வில்லுப்பாட்டும் உச்சத்துக்குப் போகும்போது அருள் வருகிறது. குறி சொல்லி, திருநீறு கொடுத்து, சாமி மலையேறியதும் அவர் மறுநாள் வயலுக்குப் போய்விடுகிறார். அதற்கு நேரமும் இடமும் உண்டு, ஊர் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவருடைய பிழைப்பும் தூக்கமும் கெடுவதில்லை. சைக்கோசிஸில் குரல் நோய் வந்தவருக்கு மட்டும், வேண்டாத நேரத்தில், வாரக்கணக்கில் வரும். படிப்பும் வேலையும் சரியும். அனுபவமுள்ள சாமியாடிக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே பிடிபடும்.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். காய்ச்சல், வலிப்பு, இடம் நாள் தெரியாத குழப்பம், குரலைவிட உருவங்கள் அதிகம் தெரிவது, தலையில் அடிபட்ட பிறகு வந்தது, திடீரென்று குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்தது என்றால் உடம்புக் காரணம் இருக்கலாம். மூளைக்காய்ச்சல், வலிப்பு நோய், தைராய்டு என்று பட்டியல் நீளம். அங்கே முதல் தேவை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும்.

எவ்வளவு சீக்கிரம் என்றால்

அறிகுறி தெளிவாகத் தெரியத் தொடங்கிய நாளிலிருந்து முறையான சிகிச்சை தொடங்கும் நாள் வரை உள்ள இடைவெளியை மருத்துவர்கள் அளந்து பார்க்கிறார்கள். அது நீளநீள, பிறகு குணமாவது மெதுவாகவும் அரைகுறையாகவும் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று 2005இல் வெளியான பிரகடனம் இந்த இடைவெளியை மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 2016 முதல் இன்னும் கறாரான இலக்கு: பரிந்துரை வந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும்.

இடைவெளியைக் குறைக்க முடியும் என்பதற்கு நார்வே நாட்டின் ரோகாலாந்து வட்டாரம் சாட்சி. 1997 முதல் 2000 வரை அங்கே பத்திரிகை, வானொலி, பள்ளிக்கூடம் என்று எல்லா வழியிலும் அறிகுறிகளை விளக்கினார்கள். யார் வேண்டுமானாலும் நேரடியாக போன் செய்யக்கூடிய ஒரு குழுவை வைத்தார்கள். 16 வாரமாக இருந்த இடைவெளி 5 வாரத்துக்கு இறங்கியது. விளம்பரத்தை நிறுத்தியதும் மறுபடி 15 வாரத்துக்கு ஏறிவிட்டது. இந்தக் கணக்கில் மிக முக்கியமானது அந்தக் கடைசி எண் என்பது எங்கள் எண்ணம்: ஒரு தடவை விழிப்புணர்வுப் பேரணி நடத்திவிட்டால் போதாது. அமெரிக்காவில் 34 மையங்களில் நடந்து 2015இல் முடிவு வெளியான ஆய்வில் இந்த இடைவெளியின் நடுக்கணக்கு 74 வாரம், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். குழுவாகக் கவனிக்கும் சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழுச் சிகிச்சையால் 74 வாரத்துக்குள் வந்தவர்களுக்குக் கிடைத்த பலன் தாமதமாக வந்தவர்களுக்குக் கிடைத்ததைவிட மிக அதிகம்.

இளைஞர்களுக்கென்றே தனிக்குழு வைத்துத் தொடக்கத்திலேயே கவனிக்கும் முறையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி 1992இல் நிறுவிய மையம் பிரபலமாக்கியது. டாக்டர், உளவியலாளர், சமூகப் பணியாளர், படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டுகிறவர் எல்லாரும் ஒரே குழு. இரண்டு மூன்று வருடம் விடாமல் தொடர்வார்கள். நம் மாநிலத்தில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்காகத் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்ததில், சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையில் அதிகம் ஒட்டிநின்றது தெரிந்தது. திருநெல்வேலிக்கும் இதுவே பெரிய பலம். கீழே குடும்பத்தைப் பற்றி அதிகம் எழுதியிருப்பதற்கும் அதுவே காரணம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக

முதல் தடவை நோய் வந்தவருக்குக் குறைந்த அளவே போதும். ரிஸ்பெரிடோன் என்ற மருந்து என்றால் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம். தூக்கமும் படபடப்பும் சில நாளில் அடங்கும். குரலும் சந்தேகமும் குறைய வாரக்கணக்கில் ஆகும். எடையும் சர்க்கரையும் ஏறக்கூடும் என்பதால் முதல் ஆறு வாரம் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதிவைப்பது நல்லது. இரண்டு மருந்தை உரிய அளவில் உரிய காலம் கொடுத்தும் கேட்காவிட்டால் குளோசபின் என்ற மருந்து இருக்கிறது. அதற்கு முதல் 18 வாரம் வாரந்தோறும் ரத்த அணுப் பரிசோதனை வேண்டும்.

பல வீடுகளில் சிகிச்சை நின்றுபோவது ஒரே இடத்தில்தான். ஊசியோ மாத்திரையோ தொடங்கிய முதல் சில நாளில் சிலருக்கு, அதிலும் இளவயது ஆண்களுக்கு, கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். கண் மேலே செருகும். தாடை இறுகி நாக்கு தள்ளும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கிவிடும். 'பேய் முறுக்குது' என்று மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தாயத்துக் கட்டப் போவார்கள். அது மருந்தின் தசைப்பிடிப்பு. பக்கத்து ஆஸ்பத்திரியில் புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். பிறகு அளவைக் குறைப்பதா, மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். இதை மருந்துச் சீட்டு கொடுக்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் பாதியில் விட மாட்டார்கள்.

புத்திமதி சிகிச்சை ஆகாது

"மனச தளர விடாத தம்பி, எல்லாம் சரியாப் போவும்" என்பது அன்பான பேச்சு, சிகிச்சை வேறு. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டியில், பொதுவான ஆறுதல் கவுன்சலிங்கை இதற்கான சிகிச்சையாக வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. மருந்தோடு சேர்த்துக் கட்டாயம் கொடுக்கச் சொல்வது இரண்டு: தனியாளுக்குக் குறைந்தது 16 அமர்வு சிபிடி எனப்படும் சிந்தனை-நடத்தை சிகிச்சை, மூன்று மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் குறைந்தது 10 அமர்வு குடும்ப சிகிச்சை.

சிபிடியில் முதல் சில அமர்வுகளில் எதையும் மறுக்க மாட்டார்கள். எப்போது தொடங்கியது, அந்த மாதம் வீட்டிலும் காலேஜிலும் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்பார்கள். "நீ சொல்வது உண்மை" என்றும் சொல்வதில்லை, "அப்படி ஒன்றும் கிடையாது" என்றும் சொல்வதில்லை. "அப்படி நினைச்சுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தா பயமாத்தானே இருந்திருக்கும்" என்பது போல, பயத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவார்கள். அமர்வு வழக்கமாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் கவனம் நிற்காது என்பதால் 20, 25 நிமிடத்தில் முடிப்பதே புத்திசாலித்தனம். மாத்திரைத் தூக்கம் தெளியாத காலை நேரத்தைத் தவிர்க்க வேண்டும்.

அடுத்து ஒரு தாளில் சங்கிலியை வரைவார்கள். பாளையங்கோட்டையில் ஒரு பையன் டீக்கடையைக் கடக்கும்போது இரண்டு பேர் சிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 'என்னைப் பற்றித்தான்' என்று எண்ணம். நெஞ்சு படபடக்கிறது. மறுநாள் முதல் அந்த வழியே போவதில்லை. ஜன்னல் இடுக்கில் நின்று கடையைக் கவனிக்கிறான். போகாததால் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே இல்லை. கவனித்துக்கொண்டே இருப்பதால் சந்தேகத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கிறது. மூன்று மணி நேரத் தூக்கமும், நண்பன் கொடுக்கும் கஞ்சாவும் மேலும் ஏற்றிவிடுகின்றன. இந்தப் படத்தைப் பையனே பார்த்து, "ஆமா, தூங்காத அன்னைக்கு ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்வது அந்த அமர்வின் வெற்றி.

பிறகு சோதனை. 'அவர்கள் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்' என்பதில் உனக்கு எவ்வளவு உறுதி, நூற்றுக்கு? 90 என்கிறான். வேறு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று அவன் வாயாலேயே பட்டியல் போடச் சொல்வார்கள்: கிரிக்கெட், செல்போனில் ஒரு வீடியோ, பழைய கேலி. 'பத்து நிமிடம் நின்றால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள்' என்ற அவனுடைய கணிப்பை எழுதி வைத்துக்கொண்டு, மூன்று நாள் அதே நேரத்தில் போய் நின்று எண்ணிவிட்டு வரச் சொல்வார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர் டீக்கடையில் யார் வந்து நின்றாலும் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்! தன்னைப் பார்த்தவர்களை மட்டும் எண்ணினால் சோதனை தோற்றுவிடும், சந்தேகம் இன்னும் இறுகும். தனக்குப் பின்னால் வந்தவரையும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சேர்த்து எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் 90 என்பது 70 ஆகும். ஒரு வாரத்தில் அது நல்ல வரவு.

கெட்டுப்போகும் வழிகளும் சில உண்டு. மிக ஆழமான நம்பிக்கையில் முதலில் கை வைப்பது தவறு. உறுதி குறைவாக உள்ள ஓர் ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அமர்வுக்கு அமர்வு ஆள் மாறுவது, மாதம் ஒருமுறை என்று இழுப்பது, வாதாடி ஜெயிக்கப் பார்ப்பது மூன்றும் பலனைக் கரைத்துவிடும். 'நான் சாதாரண ஆள் இல்லை, பெரிய பதவி எனக்கு வரப்போகிறது' என்ற நம்பிக்கை மட்டுமே ஒருவரைத் தாங்கிக்கொண்டிருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் அவர் கால் ஊன்ற வேறொன்று தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனச்சோர்வில் விழுவார்.

குரல் கேட்பவருக்கு வேலை சற்று வேறு. குரல் கேட்பதைவிட, 'இந்தக் குரலுக்குச் சக்தி இருக்கிறது, சொன்னபடி செய்யாவிட்டால் அம்மா செத்துவிடுவாள்' என்ற நம்பிக்கைதான் அதிகம் வதைக்கிறது. குரல் ஏவும் காரியம் தீங்கில்லாததாக இருந்தால், உடனே செய்யாமல் ஐந்து நிமிடம், பிறகு கால் மணி நேரம் என்று தள்ளிப்போட்டு, ஏதாவது நடந்ததா என்று குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். சத்தமாகப் படிப்பது, பாட்டை முணுமுணுப்பது, எண்களைப் பின்னோக்கிச் சொல்வது, ஒரு காதில் மட்டும் இயர்போன் வைப்பது என்று சில உத்திகள் உண்டு. எது யாருக்குக் கேட்கும் என்பதைச் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்த நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது, பத்துக்கு எவ்வளவு சத்தம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால் இரண்டு வாரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும். பெரும்பாலும் தனிமையும் வெறும்பொழுதும்தான் குரலின் நேரம். தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்லும் குரலுக்கு இந்தச் சோதனையெல்லாம் கிடையாது, அன்றே டாக்டர்.

வீட்டில் நடக்க வேண்டிய பாதி சிகிச்சை

சிபிடியின் பலன் மிதமானது, ஆளுக்கு ஆள் மாறும். நோய் திரும்ப வராமல் தடுப்பதில் குடும்ப சிகிச்சைக்கு ஆதாரம் இன்னும் பலமாக இருக்கிறது. லண்டனில் ஆய்வாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது இது: ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைப்பது ஆகியவை உள்ள வீட்டுக்குத் திரும்பிய நோயாளிகளுக்கு நோய் மீண்டும் வருவது அதிகம், அத்தகைய உறவினரோடு வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தால் இன்னும் அதிகம். குடும்பம் நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருளில்லை. பலவீனப்பட்ட மனம் அந்த அழுத்தத்தைத் தாங்காது, அவ்வளவே.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அம்மா காலை முதல் மாலை வரை சொளகை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பாயில் மகன். ஒரே அறை. 35 மணி நேரம் என்பது மூன்றே நாளில் தாண்டிவிடும். அவளுக்கு அன்பு இல்லாமல் இல்லை, ஆனால் ஒவ்வொரு கட்டு முடியும்போதும் ஒரு வசவு விழுகிறது: "எத்தன தடவ சொல்லுதேன், மாடு மாதிரி கெடக்க, எந்திச்சுக் குளில." குடும்ப சிகிச்சையில் இந்த வாக்கியத்தையே எடுத்து வைத்துத் திருத்துவார்கள். "எய்யா, வெந்நி போட்டு வச்சிருக்கேன். பத்து மணிக்குள்ள குளிச்சிட்டன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்." ஒரே ஒரு காரியம், ஒரு நேரம், தன் மனதில் உள்ளது. பழைய கணக்கும் இல்லை, ஒப்பீடும் இல்லை. கேட்கச் சின்ன விஷயம். அமர்வில் நாலைந்து தடவை சொல்லிப் பழகினால்தான் வீட்டில் வாயில் வரும். தினம் இரண்டு மணி நேரம் அம்மா பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுவதும், மகன் சாயங்காலம் சித்தப்பா கடைக்குப் போய் வருவதும் சிகிச்சைத் திட்டத்தில் எழுதப்பட வேண்டியவை.

முதல் இரண்டு மூன்று அமர்வு நோயைப் பற்றிய விளக்கத்துக்குப் போகும். பேசும் முறைக்குச் சில அமர்வு. மிச்சம், பிரச்சினையைத் தீர்க்கும் பழக்கத்துக்கு. மகன் பதினோரு மணி வரை தூங்குகிறான், காலை மாத்திரை தவறுகிறது என்பது பிரச்சினை. மகன் உட்பட எல்லாரும் ஆளுக்கொரு யோசனை சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யாரும் அதைக் குறை சொல்லக் கூடாது. பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, யார் எப்போது செய்வது என்று எழுத வேண்டும். 'ராத்திரி ஒரே வேளையாக மாற்றலாமா என்று டாக்டரிடம் அக்கா கேட்பது' என்று முடிவாகலாம். ஒரு வாரம் கழித்துச் சரிவந்ததா என்று பார்ப்பார்கள். நோயாளி இல்லாமல் அவரைப் பற்றிப் பேசும் கூட்டமாக இது ஆகிவிடக் கூடாது.

வீட்டில் சந்தேகப் பேச்சு வந்தால் ஒத்து ஊதவும் வேண்டாம், சண்டை போடவும் வேண்டாம். "எனக்கு அந்தச் சத்தம் கேக்கல. ஆனா நீ பயந்துபோயிருக்கன்னு தெரியுது, வா இங்கன உக்காரு" என்றால் போதும்.

படிப்பும் வேலையும் முழுக்கக் குணமான பிறகு என்று ஒத்திப்போட வேண்டியதில்லை. இரண்டு பாடம், அரை நாள் வேலை என்று முன்கூட்டியே தொடங்கியவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். ராத்திரி ஷிப்ட் மட்டும் வேண்டாம்.

தற்கொலை ஆபத்து முதல் வருடத்தில் கூடுதல். அதுவும் குரல் குறைந்து, 'எனக்கு இப்படி ஆகிவிட்டதே' என்று தெளிவு வரும் நேரத்தில். வயல்காடு உள்ள வீட்டில் பூச்சிமருந்தைப் பூட்டி வைப்பதும், ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரையை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமலிருப்பதும் அந்த நாளில் உயிரைக் காக்கும்.

எங்கே போவது

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கும் குறித்த நாட்களில் மனநல மருத்துவர் வருவது வழக்கம். நாளை விசாரித்துக்கொண்டு போனால் பஸ் செலவு மிச்சம். போனில் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண், அரசின் மனநல உதவி எண் அது, இருபத்துநாலு மணி நேரமும், தமிழிலேயே. சிபிடிக்கு யாரிடமாவது போவதானால், அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரா, சைக்கோசிஸ் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று இரண்டும் கேளுங்கள். ஆள் கிடைக்கவில்லையா, குடும்ப அமர்வை முதலில் கேளுங்கள். பயிற்சி பெற்ற மனநல சமூகப் பணியாளரால் அதை நடத்த முடியும்.

முதல் தடவை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மாதம் முதல் மாற்றம், இப்போது எத்தனை மணி நேரத் தூக்கம், கஞ்சா மது உண்டா, வலிப்போ தலைக்காயமோ உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. வர மறுத்தால் பொய் சொல்லி அழைத்துப் போக வேண்டாம். பிறகு டாக்டரையும் நம்ப மாட்டார். தூக்கமின்மை அவருக்கே தொந்தரவுதான். "தூக்கத்துக்குக் காட்டிட்டு வருவோம்" என்பது உண்மையான அழைப்பு. அதற்கும் வராவிட்டால் வீட்டார் மட்டும் முதலில் போய்ப் பேசலாம்.

உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கோ பொட்டல்புதூர் தர்காவுக்கோ நேர்ந்துகொண்டு போகிறவர்களை நாம் தடுக்க வேண்டியதில்லை. மாத்திரை நிற்கக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, அடியும் சங்கிலியும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தடை செய்கிறது.

குணமான பின் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதுதான் அடுத்த கேள்வி. முதல் தடவைக்குப் பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடரச் சொல்வது வழக்கம்; நிறுத்துவதானாலும் டாக்டர் பார்வையில் மாதக்கணக்கில் படிப்படியாகத்தான். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் தடவை நோய் வந்து தேறியவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் ஒருமுறையாவது நோய் திரும்பியது; மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. திரும்புவதற்கு இரண்டு முதல் நாலு வாரம் முன்பே ஜாடை தெரியும், ஆளுக்கு ஆள் அது வேறு: ஒருவருக்குத் தூக்கம் குறையும், ஒருவர் சட்டென்று எரிந்து விழுவார், ஒருவர் சாப்பாட்டை மோந்து பார்ப்பார். தேறியிருக்கும் காலத்தில் அவரையும் உட்கார வைத்து, 'என் முதல் மூன்று ஜாடை, அதைச் சொல்ல உரிமையுள்ள இரண்டு பேர், உடனே பார்க்க வேண்டிய இடம், அப்போது எந்த மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்று டாக்டர் சொன்னது' என்று ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னைக்கோ கோவைக்கோ கடை வேலைக்குக் கிளம்புகிறவர் என்றால் அதன் ஒரு நகலும் கடைசி மருந்துச் சீட்டும் பையில் இருக்கட்டும். அந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அதைக் காட்டினால் மருந்தைத் தொடர்வது சுலபம்.